பத்துக்குள் மூன்று தலைமுறை: பினாங்கு மேட்டில் கலப்பு கியர் சோதனை

பழைய ரோடு பைக் வைத்திருக்கும் பினாங்குக்காரருக்குப் பெரும்பாலும் ஆசை ஒன்றுதான்: பாலிக் புலாவ் மேட்டை முட்டி நோகாமல் ஏறிவிட வேண்டும். கையில் இருப்பதோ 9-ஸ்பீடு வண்டி. புதிதாக 12-ஸ்பீடு எலெக்ட்ரானிக் குரூப்செட் போடலாம் என்றால் பல ஆயிரம் வெள்ளி கேட்கிறார்கள். ஆனால் புதுசுக்கு மாறியவர்கள் கழற்றிப் போட்ட 10-ஸ்பீடு, 11-ஸ்பீடு சாமான்கள் பழைய சாமான் விலைக்குத் தாராளமாகக் கிடைக்கின்றன. ஆயர் ஈத்தாமில் ஒருவர் ஷிஃப்டர் விற்கிறார். ஃபெரி ஏறி பட்டர்வொர்த் போனால் இன்னொருவர் ஆர்.டி. (பின் டிரெய்லியர்) விற்கிறார். "பத்து ஸ்பீடுதாண்ணே, எல்லாத்துக்கும் சேரும்" என்கிறார்.

எல்லாவற்றுக்கும் சேராது. ஆனால் விற்பவர்கள் சொல்வதைவிடக் குறைவாகவும், கம்பெனி அட்டவணை அனுமதிப்பதைவிடச் சற்று அதிகமாகவும் சேரும். எது எதோடு சேர்கிறது என்று ஒரே வண்டியில் மாற்றி மாற்றிப் பூட்டி, தீவைச் சுற்றி ஓட்டிப் பார்த்ததில் தெரிந்ததை இங்கே தருகிறேன்.

சோதனை வண்டி

அலுமினியச் சட்டம், ரிம் பிரேக், பின்சக்கர அச்சு இடைவெளி 130 மி.மீ. வண்டியோடு வந்தது ஷிமானோ டியாக்ரா 4500 வரிசை: 9-ஸ்பீடு, முன்னால் 50/34 பல், பின்னால் 12-25 கேசட். கிராங்க், சக்கரம், ஹப் மூன்றையும் மாற்றவில்லை.

ஏற்றிப் பார்த்தவை: 105 வரிசையின் இரண்டு 10-ஸ்பீடு ஷிஃப்டர்கள் (2006-இன் 5600, 2010-இன் 5700), 11-34 பல் 10-ஸ்பீடு கேசட், 10-ஸ்பீடு செயின், மௌண்டன் பைக்குக்கென்று செய்த டியோர் எம்591 என்ற 9-ஸ்பீடு ஆர்.டி. ஒப்பிட்டுப் பார்க்க 105 ஆர்7000 வரிசையின் 11-ஸ்பீடு ஆர்.டி. ஒன்று, 11-ஸ்பீடு பின்சக்கரம் ஒன்று, 11-ஸ்பீடு செயின் ஒன்று. கேசட்டும் செயினும் கேபிளும் புதிது, மற்றதெல்லாம் பழசு.

ஷிமானோ சாமான்களின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். 105, டியாக்ரா வரிசைகளில் பலவற்றில் 'மலேசியா' என்று பொறித்திருக்கும். ஜொகூரின் பொந்தியானில் ஷிமானோவுக்குத் தொழிற்சாலை இருக்கிறது. அதே இடத்தில்தான் மாடல் எண்ணும் இருக்கும். இந்த விமர்சனத்தில் உங்களுக்கு அதிகம் பயன்படப் போவது அந்த எண்தான்.

ஸ்பீடு எண் சொல்லாதது

கிளிக் இல்லாத பழைய நெம்புகோல் காலத்தில் இந்தத் தலைவலியே இல்லை. செயின் சரியான பல்லில் விழும் வரை விரலால் தள்ளினால் போதும். 1984-இல் ஷிமானோ டூரா-ஏஸ் 7400 வரிசையில் கிளிக் முறையைக் கொண்டுவந்தது. ஒரு கிளிக்குக்கு ஒரு கியர். அன்றிலிருந்து மூன்று அளவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போயாக வேண்டும்: ஒரு கிளிக்கில் ஷிஃப்டர் எவ்வளவு கேபிள் இழுக்கிறது, அந்த இழுப்பை ஆர்.டி. எத்தனை மடங்காக்கிப் பக்கவாட்டில் நகர்கிறது, கேசட்டில் ஒரு பல்சக்கரத்துக்கும் அடுத்ததற்கும் இடையே எவ்வளவு தூரம்.

ஷிமானோ ரோடு சாமான்களில் அந்த அளவுகள் தோராயமாக இவை:

8-ஸ்பீடு: கேபிள் 2.8 மி.மீ., பல் இடைவெளி 4.8 மி.மீ.
9-ஸ்பீடு: கேபிள் 2.5 மி.மீ., பல் இடைவெளி 4.35 மி.மீ.
10-ஸ்பீடு: கேபிள் 2.3 மி.மீ., பல் இடைவெளி 3.95 மி.மீ.
11-ஸ்பீடு: கேபிள் 2.7 மி.மீ., பல் இடைவெளி 3.75 மி.மீ.

11-இல் கேபிள் இழுப்பு திடீரென்று கூடுவதைக் கவனியுங்கள். 8, 9, 10 மூன்றுக்கும் ஆர்.டி. கேபிள் இழுப்பை 1.7 மடங்காக்கும். 11-ஸ்பீடில் அதை 1.4 ஆகக் குறைத்தார்கள். 10-ஸ்பீடு ஷிஃப்டரின் 2.3-ஐ 1.7-ஆல் பெருக்கினால் 3.91, கேசட் கேட்பது 3.95. பொருந்திவிட்டது. இந்தக் கணக்கில் ஆர்.டி. 9-ஸ்பீடா 10-ஸ்பீடா என்ற கேள்வியே வரவில்லை. எத்தனை கியர் என்பது ஷிஃப்டருக்கும் கேசட்டுக்கும் மட்டுமே தெரியும். இழுத்த அளவுக்கு நகர்வதோடு ஆர்.டி.யின் வேலை முடிந்தது.

9-ஸ்பீடு காலத்து மௌண்டன் ஆர்.டி.யும் அதே 1.7 குடும்பம்தான். ரோடு ஷிஃப்டரோடு டியோரை இணைக்கும் யோசனை அங்கிருந்துதான் வருகிறது. 105 5700-இன் குறுங்கூண்டு ஆர்.டி. 28 பல்லுக்கு மேல் தாங்காது. எம்591-இன் நீளக் கூண்டு 34 பல் வரை தாங்கும். மொத்தக் கொள்ளளவு 45 பல். நம் வண்டிக்குத் தேவைப்படுவது 39 தான்.

ஏற்றிப் பார்த்ததில்

10-ஸ்பீடு ஷிஃப்டர், டியோர் 9-ஸ்பீடு ஆர்.டி., 11-34 கேசட்: சோதனையில் மிகச் சுத்தமாக வேலை செய்த கூட்டு இது. ஆர்.டி.க்கும் கேசட்டுக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் பி-ஸ்குரூவைக் கொஞ்சம் உள்ளே திருக வேண்டியிருந்தது; மற்றபடி வழக்கமான ட்யூனிங்தான். பத்து கியரும் விழுகின்றன. 30-இலிருந்து 34-க்கு ஏறும்போது மட்டும் ரோடு ஆர்.டி.யைவிடச் சற்று மந்தம். கூண்டு நீளம் என்பதால் குண்டு குழியில் செயின் கொஞ்சம் அடிக்கும்.

10-ஸ்பீடு ஷிஃப்டர், 11-ஸ்பீடு ஆர்.டி.: ஓடவே ஓடாது. 2.3-ஐ 1.4-ஆல் பெருக்கினால் 3.22 தான் வருகிறது. ஒரு கிளிக்குக்கு 0.7 மி.மீ. குறை. ஐந்து கிளிக்கில் அது ஏறக்குறைய ஒரு முழுக் கியர் ஆகிவிடும். ஒரு முனையில் சரிசெய்தால் மறுமுனை கெடும். எந்த மெக்கானிக்காலும் இதை ட்யூன் செய்ய முடியாது. ஜேடெக் ஷிஃப்ட்மேட் போன்ற கேபிள் கப்பிகள் இதற்காகவே விற்கின்றன. அந்தக் காசுக்குப் பழைய டியோர் வாங்குவது மேல்.

10-ஸ்பீடு கேசட்டில் 11-ஸ்பீடு செயின்: நன்றாகவே ஓடுகிறது. 10-ஸ்பீடு செயினின் வெளி அகலம் சுமார் 5.9 மி.மீ., 11-ஸ்பீடு செயினுக்கு 5.6. உள் அகலம் ஏறக்குறைய ஒன்றுதான். கடையில் 10-ஸ்பீடு செயின் இல்லையென்றால் தயங்காமல் வாங்கலாம். மறுபக்கம் கதவு மூடியிருக்கிறது: 9-ஸ்பீடு செயின் 6.6 மி.மீ. இருப்பதால் 10-ஸ்பீடு கேசட்டில் பக்கத்துப் பல்லை உரசும். எந்தத் தலைமுறைச் செயினிலும் மாறாதது ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் இடையேயான 12.7 மி.மீ. மட்டுமே. லெபோ ஆர்மேனியனில் சுற்றுப்பயணிகளை ஏற்றிப் போகும் திரிஷாவுக்கும் அதே அளவுதான்.

11-ஸ்பீடு சக்கரத்தில் 10-ஸ்பீடு கேசட்: 1.85 மி.மீ. ஸ்பேசர் ஒன்று முதலில் போட்டால் சரியாக உட்காரும். சில 10-ஸ்பீடு கேசட்டுகளுக்கு அவற்றோடு வரும் 1 மி.மீ. வளையமும் சேர வேண்டும். நம் பழைய 9-ஸ்பீடு ஹப்பில் 10-ஸ்பீடு கேசட் நேராகவே ஏறியது. 8, 9, 10 மூன்றுக்கும் ஃப்ரீஹப் ஒன்றே. பெரும்பாலான 11-ஸ்பீடு ரோடு கேசட்டுகள் அந்தப் பழைய ஹப்பில் ஏறாது. எச்ஜி700, எச்ஜி800 என்ற 11-34 பல் கேசட்டுகள் விதிவிலக்கு: அவற்றின் பெரிய பல்சக்கரம் ஸ்போக்குப் பக்கம் சாய்ந்திருப்பதால் பழைய ஹப்பும் போதும்.

9-ஸ்பீடு கிராங்கில் 10-ஸ்பீடு செயின்: ஷிமானோ இதைப் பரிந்துரைப்பதில்லை. மெல்லிய செயின் இரு வளையங்களுக்கும் நடுவில் விழுந்து வழுக்கலாம் என்பது பயம். சோதனையில் அப்படி விழவில்லை. இருந்தாலும் மேட்டில் அழுத்தி மிதித்துக்கொண்டே முன் கியரை இறக்காதீர்கள்.

ஷிஃப்டரோடு பிரேக்கும் மாறுகிறது

கியரைப் பற்றி மட்டும் பேசுகிறவர்கள் தவறவிடும் இடம் இது. ரோடு பைக்கில் ஷிஃப்டரும் பிரேக் நெம்புகோலும் ஒரே உறுப்பு. ஒன்றை மாற்றினால் மற்றதும் மாறியே தீரும்.

5600 ஷிஃப்டரும் டியாக்ரா 4500 பிரேக்கும் ஒரே காலத்தவை. கேபிள் இழுப்பு ஒத்துப்போகிறது. 5700 தலைமுறையில் ஷிமானோ அதை மாற்றிவிட்டது. புதிய நெம்புகோல் அதிகக் கேபிள் இழுக்கிறது, அதற்கு ஈடாகப் புதிய காலிபரில் நெம்புவிசையைக் கூட்டினார்கள். புதிய நெம்புகோலைப் பழைய காலிபரோடு இணைத்தால் பிரேக் வலு குறையும். கம்பெனி அட்டவணையே இந்தக் கூட்டைத் தள்ளிவைக்கிறது. வண்டி நிறுத்தத்தில் பிடித்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது; பிடி இறுக்கமாகவே இருக்கும். வெறிச்சோடிய சமதளத்தில் மெதுவாக ஓட்டிப் பிடித்ததுமே தெரிந்துவிட்டது: 5600-இல் இரண்டு விரல் போதுமான இடத்தில் 5700-க்கு முழுக் கை தேவைப்படுகிறது. துன் சார்டோன் சாலை இறக்கத்துக்கு அந்தக் கூட்டைக் கொண்டுபோகவே இல்லை. 5700 காலிபர் மாட்டிய பிறகுதான் இறங்கினேன்.

முன் டிரெய்லியரிலும் (எஃப்.டி.) இதே கதை. 4500-இன் எஃப்.டி. 5600-ஓடு இழைந்து போகிறது. 5700-ஓடு கியர் மாறுகிறது, ஆனால் செயின் ஏதோவொரு பக்கம் உரசிக்கொண்டே இருக்கிறது.

ஆக, 9-ஸ்பீடு வண்டியில் 10-ஸ்பீடு ஷிஃப்டர் போடுகிறவருக்கு 5700-ஐவிட நான்கு வருடம் பழைய 5600 தான் புத்திசாலித்தனமான தேர்வு. அதன் கியர் கேபிள் பக்கவாட்டில் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், பார்க்க அழகில்லை. ஆனால் வளைவு குறைவு, மாற்றுவதும் சுலபம். 5700-இல் கேபிள் ஹேண்டில்பார் டேப்புக்கு அடியில் ஓடுகிறது. வளைவு கூடியதால் கிளிக் சற்றுக் கனக்கிறது. 10-ஸ்பீடின் 2.3 மி.மீ. இழுப்பு இந்த வரிசையிலேயே சிறியது. கேபிளில் கொஞ்சம் துரு ஏறினாலும் கியர் தடுமாறும். தஞ்சோங் தோக்கோங்கிலிருந்து பத்து பெரிங்கி வரை உப்புக் காற்றில் ஓட்டுகிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

சாலையில்

தீவைச் சுற்றி வர ஏறக்குறைய 70 கிலோமீட்டர். தெலுக் பஹாங் அணையைத் தாண்டியதும் தித்தி கெராவாங் நோக்கி ஏறும் சாலைதான் இந்த வண்டிக்கான தேர்வு. பழைய 34/25 கியரில் நிமிடத்துக்கு 70 மிதி மிதித்தால் மணிக்கு 12 கிலோமீட்டர் போக வேண்டும். அந்த வேகத்தில் ஏற முடியாதவர் 50 மிதிக்கு இறங்கி, எழுந்து நின்று, முட்டியைத் தேய்த்துத்தான் ஏறுவார். 34/34-இல் அதே 70 மிதிக்கு 8.8 கிலோமீட்டர் போதும். உட்கார்ந்தபடி மூச்சைச் சீராக வைத்துக்கொண்டு ஏறலாம். டுரியான் தோட்டங்களைத் தாண்டிப் பாலிக் புலாவ் இறங்கும்போது தொடையில் இன்னும் தெம்பு இருக்கிறது. அங்கிருந்து துன் சார்டோன் வழியாக ஊர் திரும்ப அந்தத் தெம்பு தேவைப்படும்.

சமதளத்தில் கிடைத்த லாபம் வேறு. 11-34 பல் 9-ஸ்பீடு கேசட்டில் 17-20-23 என்று தாவுகிறது, 10-ஸ்பீடில் 17-19-21-23. கடலோரச் சாலையில் எதிர்காற்றில் ஓட்டும்போது நடுவில் கிடைக்கும் அந்தக் கூடுதல் படி உதவுகிறது. உதவுகிறது, அவ்வளவே. வாழ்க்கையை மாற்றாது.

அதனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: உங்களுக்கு வேண்டியது மேட்டுக் கியர் மட்டும் என்றால் 10-ஸ்பீடுக்கே போக வேண்டாம். 9-ஸ்பீடு ஷிஃப்டரை வைத்துக்கொண்டு 11-34 பல் 9-ஸ்பீடு கேசட்டும் எம்591 ஆர்.டி.யும் போதுமான நீளத்துக்குப் புது 9-ஸ்பீடு செயினும் போடுங்கள். கணக்கு அதேதான், மேடும் அதேபோல ஏறும், பிரேக் பிரச்சினையும் இல்லை. இங்கே சொன்ன கூட்டுகளில் மிக மலிவானது இது.

பழைய சாமான் வாங்கும்போது

'10-ஸ்பீடு' என்ற ஒற்றைச் சொல்லை நம்பி வாங்காதீர்கள். ஷிமானோ ரோடு வரிசையில் அந்தப் பெயருக்குள் மூன்று தலைமுறை ஒளிந்திருக்கிறது. 7800, 6600, 5600 ஒரு வகை. 7900, 6700, 5700 இன்னொரு வகை. பின் கியருக்கு முதல் வகையோடு சேரும், பிரேக்குக்கும் எஃப்.டி.க்கும் சேராது. 2015-இல் வந்த டியாக்ரா 4700 மூன்றாவது வகை. கியர் பத்துதான், ஆனால் ஆர்.டி. விகிதம் 11-ஸ்பீடைப் போல 1.4. அந்த ஷிஃப்டரை எம்591-ஓடு பூட்டினால் ஒரு கியருக்குப் பதில் ஒன்றேகால் கியர் தாண்டும்.

டியோரிலும் அதே எச்சரிக்கை. எம்591 9-ஸ்பீடு, எம்610 10-ஸ்பீடு மௌண்டன். எம்610-இன் விகிதமே வேறு, எந்த ரோடு ஷிஃப்டரோடும் நேரடியாகச் சேராது. விளம்பரத்தில் இரண்டும் வெறும் 'டியோர் ஆர்.டி.' தான். சில பழைய எக்ஸ்.டி., எக்ஸ்.டி.ஆர். மாடல்களில் ஸ்பிரிங் தலைகீழாக வேலை செய்யும். கேபிளை விட்டால் செயின் பெரிய பல்லுக்குப் போகும். அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பின்புறத்து மாடல் எண்ணைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லி, பார்த்த பிறகு ஃபெரி ஏறுங்கள்.

செயின், கேசட் இரண்டையும் பழசாக வாங்க வேண்டாம். ஏற்கெனவே இருக்கும் செயினைச் சோதிக்க அடிக்கோல் போதும்: 24 கண்ணி சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் நீண்டிருந்தால் மாற்றிவிடுங்கள்.

12-ஸ்பீடைக் கலப்பில் சேர்க்க நினைப்பவர்களுக்கு: ஷிமானோவின் 12-ஸ்பீடு ரோடு கேசட் 11-ஸ்பீடு ஹப்பில் ஏறும், சக்கரம் மிச்சம். ஷிஃப்டரையும் ஆர்.டி.யையும் 11-ஓடு கலக்க முடியாது. ரோடு பைக்கில் 2023-க்குப் பிறகு இதே கம்பெனி கியூஸ் என்ற வரிசையைக் கொண்டுவந்து 9, 10, 11 மூன்றுக்கும் ஒரே பல் இடைவெளி, ஒரே செயின் என்று ஆக்கியிருக்கிறது. மனம் வைத்தால் முடியும் என்று அவர்களே காட்டிவிட்டார்கள்.

தீர்ப்பு

மேட்டுக்காக மட்டும் என்றால்: 9-ஸ்பீடு ஷிஃப்டர், எம்591, 11-34. முதல் பரிந்துரை.

ஷிஃப்டர் தேய்ந்துபோய் எப்படியும் மாற்ற வேண்டும் என்றால்: 105 5600, எம்591, 10-ஸ்பீடு 11-34. பழைய பிரேக்கும் எஃப்.டி.யும் அப்படியே இருக்கட்டும்.

5700 மலிவாகக் கிடைத்தால்: அதே வரிசையின் பிரேக், எஃப்.டி. இரண்டின் விலையையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அது மலிவாக இருக்காது.

11-ஸ்பீடுக்குப் போக வேண்டும் என்றால்: ஷிஃப்டர், ஆர்.டி., எஃப்.டி., கேசட், செயின் ஐந்தையும் ஒரே தலைமுறையில் வாங்குங்கள், பிரேக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் பாதியை மட்டும் வாங்குவது பணத்தை வீணாக்குவது.

எந்தக் கூட்டைத் தேர்ந்தெடுத்தாலும், பூட்டிய பிறகு முதல் ஓட்டம் சமதளத்தில் இருக்கட்டும். பிரேக்கை முழு வேகத்தில் பிடித்துப் பார்த்துத் திருப்தியான பிறகு மேட்டுக்குப் போங்கள்.